தங்கத்துக்கு இரண்டு பேர்

அந்த யோசனை எனக்கு வந்தபோது நான் முள்கம்பி வேலிக்கு உள்ளே ஒரு பாறையில் உட்கார்ந்து ராகிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே பத்தடி தள்ளி என் அப்பா குந்தியிருந்தார்; நைனா என்றுதான் கூப்பிடுவேன். பிளேக் முகாமின் சட்டம் அப்படி. வீட்டார் கொண்டுவரும் சட்டியை வேலியோரக் கல்லின்மேல் வைத்துவிட்டுத் தள்ளிப்போக வேண்டும்; பிறகுதான் நாங்கள் வந்து எடுக்கலாம்.

நைனா தங்கச் சுரங்கத்தில் இரவு ஷிப்டு முடித்து நேரே வந்திருந்தார். முகத்தில் பாறைப் பொடி அப்படியே இருந்தது.

"இன்னா நைனா, இன்னிக்கு இவ்ளோ நேரம்?"

"சோதனைக்காரங்கள்ல ஒருத்தன் வரல கண்ணு. அவன் வர்ற வரைக்கும் எங்களை ஷாஃப்டு வாசல்லயே நிக்க வச்சிட்டாங்க."

"இன்னொருத்தன் இருந்தானில்ல? அவனே சோதிச்சு அனுப்பறது."

நைனா சிரித்தார். "ஒருத்தனா சோதிக்க உடுவானா கம்பெனிக்காரன்? ஒருத்தன் கை வச்சா இன்னொருத்தன் பாத்துகினு நிக்கணும். இல்லன்னா சோதிக்கிறவன் வாய்க்குள்ளயே போயிடாதா தங்கம்?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் பாதிக் கஞ்சியோடு சட்டியைக் கீழே வைத்தேன். "நைனா, நீ வீட்டுக்குப் போ, தூங்கு" என்றேன். அவர் போவதற்குள் நான் எழுந்து கொட்டகைப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டேன். எழுந்து நடக்கப் பழகி அன்றோடு நாலு நாள்தான் ஆகியிருந்தது.

எல்லாவற்றையும் முன்னாலிருந்து சொன்னால்தான் விளங்கும். பிளேக் என்றால் என்ன, முகாம் என்றால் என்ன என்று தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும்.

என் பெயர் எஸ்தர். வயது இருபது. பாலகாட் தங்கச் சுரங்கத்தின் பக்கத்தில் தட்டி வீடுகளின் வரிசை ஒன்றில் எங்கள் வீடு. மிஷன் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். வியாதி பெங்களூரிலிருந்து ரயிலேறி எங்கள் பக்கம் வந்ததென்று சொன்னார்கள். முதலில் எலிகள் செத்தன. கூரைத் தட்டியிலிருந்து பொத்தென்று விழுந்து, வட்டமடித்து, வாயில் ரத்தத்தோடு செத்தன. பிறகு மனிதர்கள். எனக்கு அப்போது பயத்தைவிட உற்சாகம்தான் அதிகமாக இருந்தது. இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமிதான் காரணம் என்று ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் படித்திருந்தேன். அதை எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும் என்று பரபரத்தேன். அரசாங்க நோட்டீசைப் பெண்களுக்குப் படித்துக்காட்ட ஆள் தேவை என்றார்கள். நானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வரிசை வரிசையாகப் போய்ப் படித்தேன். வியாதி கண்ட வீட்டில் இருந்தவர்கள் அனைவரும் முகாமுக்கு வர வேண்டும், பரிசோதனைக்கு ஆட்சேபமின்றி உட்பட வேண்டும். பத்து நாள் காய்ச்சல் இல்லையென்றால் விடுதலைச் சீட்டு கிடைக்கும்.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி செல்லம்மா இருந்தாள். சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடும் முருகேசனின் மனைவி. என்னைவிட மூன்று நாலு வயது மூத்தவள். ஆனாலும் நான் பள்ளிக்கூடத்துக்காரி என்பதால் 'வாத்தியாரம்மா' என்றுதான் கூப்பிடுவாள். மூன்று வயதில் ஒரு பையன். அவளுடைய மாமியார் வியாதியில் போனதும் அவளையும் முகாமுக்கு வரச் சொன்னார்கள். முருகேசன் அந்த வாரம் முழுக்க வீட்டுக்கே வராமல் சுரங்கத்தில் இரட்டை ஷிப்டு இருந்தான். பையன் நாத்தனார் வீட்டில் இருந்தான். ஆகவே அவள் ஒருத்திதான் போக வேண்டியிருந்தது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரு பாப்பாங்க வாத்தியாரம்மா, ஆம்பிளையா?"

"டாக்டர்னா ஆம்பிளை பொம்பிளைன்னு ஒண்ணு கிடையாது செல்லம்மா."

இந்த வாக்கியத்தை நான் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா! சேதி கேட்டுச் சுரங்கத்திலிருந்து வந்து தெருவிலேயே நின்ற முருகேசனும் அதையே தன் பாஷையில் சொன்னான். "நாங்க தெனம் ஷாஃப்டு வாசல்ல நிக்கலியா? கையத் தூக்கிகினு கம்முனு நிக்கணும். அசைஞ்சாதான் சந்தேகப்படுவான். நீ கம்முனு நில்லு, சீட்டு குடுத்துடுவாங்க."

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு இது புரியும். ஷாஃப்டு என்கிற சுரங்கக் குழியிலிருந்து கூண்டில் ஏறி வெளியே வரும் ஒவ்வொரு ஆளும், தங்கம் ஒளித்துவைக்கவில்லை என்று தலைமுடி, வாய், வேட்டி மடிப்பு எல்லாம் காட்டித்தான் வீட்டுக்கு வர முடியும். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அதையே விளையாட்டாகவும் விளையாடினோம். ஒருத்தி சோதனைக்காரி. மற்றவர்கள் கையைத் தூக்கி நிற்க வேண்டும். கூச்சம் காட்டினவள் கள்ளி, ஆட்டம் இழந்தாள்.

செல்லம்மா கதவை விட்டாள். முகாம் வண்டியில் ஏறினாள்.

ஆறாம் நாள் எனக்கே காய்ச்சல் வந்தது. வகுப்பில் கரும்பலகை இரண்டாகத் தெரிந்தது. குளிர் எலும்புக்குள்ளிருந்து வந்தது. குடித்தவள்போல் தள்ளாடினேன் என்று பிறகு பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போகவிடாமல் பள்ளியிலிருந்தே என்னை முகாமுக்கு எடுத்துப்போனதால் வீட்டாரை விட்டுவிட்டார்கள். மாலைக்குள் இடது கக்கத்தில் நெறி கட்டிவிட்டது. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் உருண்டையாக வலிக்குமே, அதே நெறிதான். பிளேக்கில் அது கோழிமுட்டை அளவுக்கு வீங்கி, கையைக் கீழே இறக்கவிடாது. கக்கத்தில், கழுத்தில், தொடையிடுக்கில், மூன்று இடங்களில்தான் வரும். அதனால்தான் பரிசோதிப்பவர்கள் அங்கே தொட்டுப் பார்க்கிறார்கள். தொடாமல் இந்த வியாதியைக் கண்டுபிடிக்க முடியாது. இதையும் நான் நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

நோயாளிகள் கொட்டகையில் கிடந்த நாட்கள் எனக்கு வரிசையாக நினைவில்லை. கண்ணாடிக் குழாய் ஒன்றை நாக்கடியில் வைப்பார்கள். அதற்குள் இருக்கும் பாதரசம் உடம்பின் சூட்டுக்கு ஏறும். எவ்வளவு ஏறியது என்று நோட்டில் எழுதுவார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் தெலுங்கில் யாரையோ திட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் திட்டவில்லை. தூரத்தில் பாறை குத்தும் மில் ஓயாமல் இடித்தது. அது என் தலைக்குள் இடிப்பதாகவே நினைத்தேன். வியாழக்கிழமை டாக்டர் வந்து நெறியைக் கத்தியால் கீறிவிட்டார். நான் போட்ட கூச்சல் வேலிக்கு வெளியே நின்ற நைனாவுக்குக் கேட்டதாம். அவர் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம்.

அம்மாவால் வர முடியவில்லை. வீட்டில் சின்னவர்கள் இருந்தார்கள். ஆனால் தினம் கஞ்சியோடு ஓர் எலுமிச்சம்பழம் வரும். அதன் தோலில் அம்மா நகத்தால் ஒரு சிலுவை கீறியிருப்பாள். நான் அதைக் கசக்கவில்லை. மூக்கருகே வைத்துக்கொண்டே தூங்கினேன். பழங்கள் தலைமாட்டில் சேர்ந்தன. அவற்றை எண்ணித்தான் எத்தனை நாள் கிடந்தேன் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் பிழைத்துவிட்டேன். ஏன் என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியவில்லை.

தேறியவர்களையும், வியாதி இல்லாமல் காவலில் வைக்கப்பட்டவர்களையும் ஒரே பெண்கள் கொட்டகையில் போட்டிருந்தார்கள். நான் அங்கே மாற்றப்பட்ட அன்று மூலையில் செல்லம்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எனக்கு ஆச்சரியம். பத்து நாள் எப்போதோ முடிந்திருக்க வேண்டும்.

"இன்னும் நீ போவலியா செல்லம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்தில் படுத்திருந்த குப்பம்மாக்கா சொன்னாள்: "அவளுக்குச் சீட்டு வராது கண்ணு. அவ அழகா கீறா இல்ல?"

குப்பம்மாக்கா மில்லில் கல் பொறுக்குகிறவள். நாற்பது வயதிருக்கும். புருஷன் பாறை சரிந்து செத்தபின் யாருக்கும் பயப்படுவதை விட்டுவிட்டவள். அவள்தான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் வாரம் ஒரு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் முகாம் இன்ஸ்பெக்டர் ஒருவனே பரிசோதிப்பான். சீட்டு எழுதுபவனும் அவனே. கொட்டகையின் கோடியில் சாக்குப் படுதா ஒன்று தொங்கியது. காலையில் ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லி அதற்குப் பின்னால் கூப்பிடுவான். வியாதிக்குப் பயந்து கற்பூரத்தைக் கைக்குட்டையில் முடிந்து எப்போதும் கழுத்தில் கட்டியிருப்பான். பெண்கள் அவனுக்குக் 'கற்பூரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் என் பெயரும் வந்தது.

அவன் எங்கே தொட்டான், எப்படித் தொட்டான் என்று நான் எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். டாக்டர் தொட்டபோது உயிர் போகும்படி வலித்தது, ஆனால் அது வைத்தியம் என்று என் உடம்புக்குத் தெரிந்தது. இவன் தொட்டது வைத்தியம் இல்லை என்றும் உடம்புக்குத்தான் முதலில் தெரிந்தது. என் வியாதி இருந்தது இடது கக்கத்தில். கட்டு அவிழாத புண் அங்கே இருந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

நான் என்ன செய்தேன்? கையைத் தூக்கிக்கொண்டு கம்மென்று நின்றேன். கிருமியைப் பற்றி ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்தவள், இங்கிலீஷ் படித்தவள், அசைந்தால் ஆட்டம் இழந்துவிடுவேன் என்று நின்றேன்.

செல்லம்மாவுக்கு நடந்தது தொடுவதோடு நிற்கவில்லை. அவள் படுதாவுக்குள் போனால் மற்றவர்களுக்கு ஆவதைவிட நேரமாகும். வெளியே வந்ததும் மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்காருவாள். பத்தாம் நாளே அவளுக்குச் சீட்டு தர வேண்டியவன், 'நெறி சந்தேகம்' என்று நோட்டில் எழுதி, இன்னும் பத்து நாள் என்றானாம். வாயைத் திறந்தால் பத்து, திறக்காவிட்டாலும் பத்து. வேலியருகே வந்த முருகேசனிடம் அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாளாம். "கம்முனு இரு, சீக்கிரம் உட்டுடுவாங்க" என்றானாம் அவன். அவனுக்கு ஷாஃப்டு வாசல் சோதனை ஒன்றுதான் தெரியும்.

இரண்டு காலைகள் நான் அந்தப் படுதாவைப் பார்த்துக்கொண்டு வாயடைத்துக் கிடந்தேன். வெளியே சொன்னால் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள், பள்ளியில் மறுபடி சேர்ப்பார்களா, யார் கட்டிக்கொள்வார்கள் என்று எல்லாக் கணக்கும் போட்டேன். செல்லம்மா ஒருமுறைகூட என்னிடம் 'நீதானே அனுப்பினாய்' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலையில்தான் நைனா தங்கத்தைப் பற்றிச் சொன்னார்.

அன்று கொட்டகைக்குள் நுழைந்ததும் குப்பம்மாக்காவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன்: "அக்கா, ஷாஃப்டுல ஆம்பிளைங்களை ஒருத்தன் தனியா சோதிக்கக் கூடாதாம். கூட ஒருத்தன் நின்னு பாக்கணுமாம். கம்பெனி சட்டம். அப்போ இங்க மட்டும் ஏன் ஒருத்தன்?"

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "அப்போ தங்கத்துக்கு ரெண்டு பேரு, நமக்கு ஒருத்தனா? நானும் ஒரு காலத்துல தங்கமாட்டம்தாண்டி இருந்தேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தக் கொட்டகையில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. செல்லம்மா சிரிக்கவில்லை, ஆனால் சுவரிலிருந்து திரும்பினாள்.

மறுநாள், திங்கட்கிழமை காலை. அவன் "செல்லம்மா" என்று கூப்பிட்டான். செல்லம்மா எழுந்தாள். கூடவே குப்பம்மாக்காவும் எழுந்தாள்.

"உன்னை யார் கூப்பிட்டது?"

"யாரும் கூப்புடல சாமி. நான் பாத்துகினு நிக்கிறவ."

"என்ன பார்க்கப்போகிறாய்?"

"நீங்க இன்னா பாக்கறீங்களோ அதத்தான்."

அவன் முகம் கறுத்தது. அக்காவை உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டான். அவளோடும் ஒருத்தி எழுந்தாள். அடுத்து என் பெயர். என்னோடு செல்லம்மாவே எழுந்து நின்றாள். என் முழங்கையைப் பிடித்த அவள் கை ஐஸ்போல இருந்தது.

"பரிசோதனைக்கு மறுத்தால் யாருக்கும் சீட்டு இல்லை" என்றான். கற்பூரத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே போனான்.

அன்று முதல் கஞ்சி தண்ணீராக வந்தது. வீட்டார் கொண்டுவந்த சட்டிகள் வெயில் ஏறும்வரை கல்லிலேயே கிடந்தன, காவலாளி எடுக்கவிடவில்லை. புதன்கிழமை, மறுநாள் சீட்டு கிடைக்க வேண்டிய ஒருத்தி என் மேல் பாய்ந்தாள். "உனக்கு இன்னா, கல்யாணம் ஆவாதவ. என் கைப்புள்ள அங்க பாலுக்கு அழுவுது. ரெண்டு நிமிஷம் கண்ண மூடிகினு நின்னா நான் வீட்டுக்குப் போயிருப்பேன். உன் வாத்தியாருத்தனம் யாரு கேட்டா?" அவள் சொன்னது எல்லாம் உண்மை. ஆனாலும் அவளும் தனியாகப் போகவில்லை. அழுதுகொண்டே இருந்தாள், போகவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். வெள்ளைக்கார வம்சம் கலந்த சட்டைக்காரர், தமிழ் அரைகுறை. நான் இங்கிலீஷில் சொன்னேன். வீட்டில் ஒத்திகை பார்த்த பாடம்போல ஒப்பிக்க நினைத்தேன், வார்த்தைகள் சிதறின. அவர் முதலில் நம்பவில்லை. "இந்த வியாதிக்கு அந்த இடங்களைத் தொடாமல் முடியாது. உங்களுக்குக் கூச்சம். அதைத் தப்பாக நினைத்துவிட்டீர்கள்" என்றார். கோபமாகக்கூட இல்லை, பொறுமையாகச் சொன்னார். நானும் இதே மாதிரிதான் செல்லம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

அப்போது கேட்டேன்: "ஐயா, ஷாஃப்டு வாசலில் ஒரு ஆளை ஒருவனே சோதிக்கக் கம்பெனி ஏன் விடுவதில்லை?"

அவர் நெற்றியைச் சுருக்கினார். சுரங்கத்து ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை பார்த்தவர். அந்தச் சட்டம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். செல்லம்மாவின் பக்கத்தைப் புரட்டினார். ஞாயிற்றுக்கிழமை வரை எந்த நாளும் காய்ச்சல் இல்லை; அதற்குப் பிறகு ஒன்றும் எழுதப்படவில்லை. முதலில் 'வலது கக்கம், நெறி சந்தேகம்'. அடுத்து 'இடது தொடை'. அடுத்து மறுபடி வலது.

"எந்தப் பக்கம்?" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

அவன் "இடது கக்கம்" என்றான்.

டாக்டர் நோட்டை மூடினார். நான் எதிர்பார்த்ததுபோல இடி இடிக்கவில்லை. அவனைத் திட்டவும் இல்லை. யாரையும் தொட்டுப் பார்க்காமல், நோட்டில் காய்ச்சல் இல்லை என்பதை வைத்தே, தன் பேனாவால் செல்லம்மாவுக்கும், கைப்பிள்ளைக்காரிக்கும், இன்னும் நாலைந்து பேருக்கும் சீட்டு எழுதினார். பெண்களை ஒரு பெண் பார்க்க வேண்டும், இன்னொருத்தி கூட நிற்க வேண்டும், நெறி இருந்தால் மட்டும் தன்னிடம் சொல்ல வேண்டும் என்றார். படுதாவைக் காட்டி "இதை எரித்துவிடுங்கள்" என்றார். அவ்வளவுதான். மற்ற கொட்டகைகளைப் பார்க்கப் போய்விட்டார்.

குப்பம்மாக்கா படுதாவைக் கழற்றிய வேகத்தில் மூங்கிலும் சேர்ந்து வந்தது.

நான் துள்ளிக்கொண்டிருந்தேன். செல்லம்மாவை வாசல் வரை கொண்டுபோய் விட நானே போனேன். வாசலுக்கு வெளியே முருகேசன் நின்றான். தோளில் பையன். பையன் அம்மாவைப் பார்த்துவிட்டுக் காலை உதறினான்.

அப்போதுதான் கவனித்தேன். செல்லம்மா மூட்டையை வலது கையில் மட்டும் பிடித்திருந்தாள். இடது கை உடம்போடு ஒட்டியும் ஒட்டாமலும் விலகி நின்றது. எனக்கு அந்தக் கையைத் தெரியும். நானும் அப்படித்தான் பிடித்திருந்தேன்.

"செல்லம்மா. எத்தினி நாளா?"

அவள் நின்றாள். உதடு காய்ந்திருந்தது. கண் சிவந்திருந்தது. "ரெண்டு நாளு" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா படுதாவுக்குள்ள போவணுமில்ல."

வியாதியில்லாமல் வந்தவள். வியாதிக்காரர்கள் வந்துபோகும் கொட்டகையில் ஒருவன் தன் இஷ்டத்துக்கு மூன்று வாரம் பிடித்துவைத்ததில், வியாதியை வாங்கிக்கொண்டவள். நாங்கள் பரிசோதனையை மறுத்த நாட்களில் அது வளர்ந்திருக்கிறது. அவன் பரிசோதித்திருந்தாலும் கக்கத்தைப் பார்த்திருக்க மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மைதான். உண்மையாக இருந்தும் அது எனக்கு ஆறுதலாக இல்லை.

"யாருகிட்டயும் சொல்லாத வாத்தியாரம்மா. சீட்டு கையில கீது. நான் என் ஊட்டுக்குப் போயி சாவறேன்."

ஒருமுறை நான் பேசித்தான் அவள் உள்ளே வந்தாள். மறுபடி நானேயா? அவளை விட்டுவிடத்தான் மனசு சொன்னது. பையன் 'ம்மா, ம்மா' என்று கூப்பிட்டான்.

"புள்ளைக்கு ஒட்டிக்குமா?" என்று அவளே கேட்டாள்.

பொய் சொல்ல நினைத்தேன். "ஒட்டலாம்" என்றேன்.

அவள் பையனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சீட்டை என் கையில் வைத்தாள். முருகேசனைப் பார்த்து, "எட்டப் போ. புள்ளைய எடுத்துகினு எட்டப் போ" என்று கத்தினாள். அவன் புரியாமல் ஒரு அடி முன்னால் வந்தான். அவள் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். அப்புறம்தான் அவன் போனான்.

கொட்டகைக்குள் கட்டிலில் உட்கார்ந்ததும் கேட்டாள்: "இப்ப யாரு பாப்பாங்க?"

"நான் பாக்கட்டுமா? அக்கா கூட நிப்பாங்க. வேணாம்னா வேணாம்."

அவள் தலையசைத்தாள். உடனே கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்க ஆரம்பித்தாள். இடது கை பாதியில் நின்றுவிட்டது.

"கையத் தூக்க வேணாம் செல்லம்மா. உக்காந்துகினே இரு. எங்க வலிக்குதுன்னு நீயே காட்டு."

அவள் கண்ணைத் திறந்தாள். ரவிக்கை இல்லாத தோளில் கிடந்த சேலைத் தலைப்பை அவளே கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். என் விரல் நுனியால் ஒரே ஒருமுறை தொட்டேன். முட்டை அளவு. சூடு. அவ்வளவுதான் பரிசோதனை. பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. "இம்புட்டுதானா?" என்றாள். அவள் குரல் இப்போதும் எனக்குக் கேட்கிறது. "இம்புட்டுதானா வாத்தியாரம்மா இதுக்கு?"

டாக்டர் போகுமுன் அழைத்துவந்து காட்டினோம். கீறினார். ஆனால் அது ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார். வியாதி ரத்தத்தில் கலந்தால் நெறியைக் கீறிப் பயனில்லை. தலைமாட்டிலிருந்த என் எலுமிச்சம்பழங்களில் வாடாத ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். மாரியாத்தாவைக் கும்பிடுகிறவள், அதில் இருந்த சிலுவையைத் தடவிப் பார்த்தாள், கீழே வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கோயில் மணி அடிக்கும் வேளையில் போனாள்.

முருகேசன் வேலியோரம் வந்து நின்றான். அழவில்லை. "இன்னா நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டான். குப்பம்மாக்கா எல்லாவற்றையும் சொன்னாள், மறைக்கவில்லை.

"கம்முனு நில்லுன்னு நான்தான சொன்னேன்" என்றான்.

நானும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் போய்விட்டான்.

நான் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. முகாம் உடுப்போடு சேர்த்து என் புத்தகங்களையும் எரித்துவிட்டார்கள். எதிர்வீட்டில் மாலையில் கற்பூரம் ஏற்றினால் நான் எழுந்து பின்பக்கம் போய்விடுகிறேன். அம்மா அதைக் கண்டுகொண்டாள். எதிர்வீட்டாரிடம் என்ன சொன்னாளோ, இப்போது அவர்கள் வெறும் எண்ணெய் விளக்குதான் காட்டுகிறார்கள். அம்மா என்னிடம் எதையும் கேட்கவில்லை. கட்டுத்துணியைத் தினம் காய்ச்சிப் பிழிந்து, ஆறியபின்தான் புண்ணின்மேல் வைக்கிறாள். வைக்குமுன் "வைக்கட்டுமாம்மா?" என்று கேட்கிறாள். முன்பெல்லாம் கேட்கமாட்டாள்.

அந்த இன்ஸ்பெக்டரை என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். தண்டனை ஒன்றும் இல்லை. மாற்றினார்கள். பங்காருபேட்டை ரயிலடியில், வண்டியிலிருந்து இறங்கும் பெண்களைப் பரிசோதிக்கும் கொட்டகைக்கு. அங்கே இறங்குபவர்களுக்கு ஒருத்தியை ஒருத்தி தெரியாது. பத்து நிமிஷத்தில் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். யாரும் யாரிடமும் சொல்லப்போவதில்லை. இதைப் போய்க் கேட்டபோது டாக்டர் மேசையைப் பார்த்தார். பிறகு ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார். பெண்களைப் பரிசோதிக்கும்போது என்னையும் இன்னொருத்தியையும் நிற்க அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறது அது. உத்தரவு அல்ல. அங்கிருப்பவர் மறுக்கலாம்.

அம்மா வேண்டாம் என்கிறாள். கக்கத்துப் புண் இன்னும் முழுதாக மூடவில்லை. நைனா, "தனியா போவக்கூடாது, நம்ம சட்டமே அதான" என்று சொல்லிவிட்டுச் சுருட்டுப் பற்றவைத்தார். குப்பம்மாக்காவிடம் கேட்டேன். "மில்லு வேலை போனா போவுது. பாத்துகினு நிக்கிற வேலை எனக்குப் புடிச்சுப் போச்சு" என்றாள்.

வரும் திங்கட்கிழமை, காலை முதல் வண்டியில் போகிறோம். கடிதத்தோடு செல்லம்மாவின் சீட்டையும் எடுத்துவைத்திருக்கிறேன். உள்ளே விட்டால் அக்கா பார்த்துக்கொண்டு நிற்பாள். முதலில் வருகிற பெண்ணிடம் கையைத் தூக்க வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டும். உள்ளே விடாவிட்டால் அதையே பிளாட்பாரத்தில் நின்று, வண்டி நிற்கும்போதே, எல்லாப் பெட்டிக்கும் கேட்கும்படி சொல்லிப் பார்ப்பேன். வியாதிக்குப் பிறகு என் குரல் இன்னும் சரியாக எழும்பவில்லை. நேற்று பின்பக்கம் நின்று இரண்டு முறை கத்திப் பார்த்தேன். நாலு வீடு தள்ளி, முருகேசனின் பையன் வெளியே வந்து யார் கூப்பிட்டது என்று பார்த்தான்.